முகம் மட்டும் உள்ள மலை

விமானங்களுக்கு ஜன்னல் தேவையில்லை என்று முடிவு செய்தவர்கள், வாழ்நாளில் ஒரு தடவைகூட ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டவர்களாக இருக்க முடியாது. ஓட்டை இல்லாத உடம்பு என்றால் எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்றார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் திரை வந்தது. இறக்கைக்கு அடியில் காமிரா வந்தது. காமிரா பார்ப்பதைத் திரை காட்டும், திரை காட்டுவதைப் பயணி பார்ப்பார், எல்லாருக்கும் சந்தோஷம்.

முதல் வருஷம் உள்ளது உள்ளபடிதான் காட்டினார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. பயணிகளிடமிருந்து புகார் குவிந்தது. குப்பைமேடு தெரிகிறது, ஆற்றில் நுரை மிதக்கிறது, ஊருக்குள் இறங்கும்போதே மனசு கெட்டுவிடுகிறது என்று எழுதினார்கள். இத்தனை காலமும் கண்ணாடி வழியே இதையேதான் பார்த்தார்கள். அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. திரை என்று ஒன்று வந்துவிட்டால் அதில் நல்ல படமாக ஓட வேண்டும் என்று மனிதன் எதிர்பார்க்கிறான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. திரைகளைத் தயாரித்த சாளரம் நிறுவனம் உடனே, வெளியில் சொல்லாமல், ஒப்பனைப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது.

அந்தப் பிரிவில் எட்டு வருஷமாக வேலை பார்த்தவன் சுயம்புலிங்கம். வயது நாற்பத்திரண்டு. சென்னையில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, இந்தியாவின் ஜன்னல்களை அழகுபடுத்தி வந்தான். குப்பைமேட்டின்மேல் புல் விரித்தான். வற்றிய ஏரிகளை நிரப்பினான். மழை செய்யாததையும் மந்திரிகள் செய்யாததையும் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

அவனுடைய பெரும் படைப்பு, தெற்குக் கடற்கரையில் உள்ள வெண்கரை நகரத்து இரட்டைக்கூன் மலை. ஊருக்குப் பின்னால் பெரிய மலைத்தொடர் உண்டு. அதற்கு முன்னால், கடலைப் பார்த்தபடி, இரண்டு திமிலும் நடுவில் ஒரு பள்ளமுமாகத் தனியே நிற்கும் மலை இது. நிற்கும் என்பது பழைய கதை. குவாரிக்காரர்கள் மேற்குக் கூனை வழித்து எடுத்து ஜல்லியாக்கி லாரி ஏற்றிவிட்டார்கள். "மேற்படி மலையில் காணப்படும் குறை, வருகைதரும் பயணிகளின் கண்ணை உறுத்துவதால் ஆவன செய்யவும்" என்று சுற்றுலாத் துறையிடமிருந்து சாளரத்துக்குக் கடிதம் வந்தது. சுயம்பு ஆவன செய்தான். வெண்கரைக்கு அவன் போனதே இல்லை. ஒரு பழைய சுற்றுலாச் சுவரொட்டியை வைத்துக்கொண்டு பதினொரு நாளில் மலையை மறுபடி எழுப்பினான். அந்த வருஷத்தின் சிறந்த நிலக்காட்சி என்று நிறுவனம் விருது கொடுத்தது. மலையை வெட்டியவனுக்குக்கூடக் கிடைக்காத கைதட்டல் ஒட்டியவனுக்குக் கிடைத்தது. கண்ணாடிக் கேடயத்தை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

இப்போது அந்த மலையைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தான். விமானத்தில், பதினான்காம் வரிசையில், திரையிலிருந்து மூன்றாவது இருக்கையில். திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் நிலவளத் தீர்ப்பாயத்தின் ஆய்வு ஆணையர் வைஜெயந்தி. நடுவில் குவாரிமேல் வழக்குப் போட்ட மனுதாரர் ததேயுஸ், வெண்கரை மீனவர், முப்பத்தெட்டு வயது, விமானத்தில் ஏறுவது அன்றுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை நேற்று, தீர்ப்பாயத்தின் முன்னால் ஆஜராகச் சென்னைக்கு வந்தபோது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் குவாரி நிறுவனத்தின் வழக்கறிஞர் பத்மகுமார். ஜன்னல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சான்று கொடுப்பதற்காகச் சாளரம் நிறுவனம் சுயம்புவை அனுப்பியிருந்தது.

நடப்பது நேரடிக் கள ஆய்வு. பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து.

"நேர்ல ஏன் மேடம் போகல?" என்று சுயம்பு கேட்டான்.

"போகாம இருப்போமா? ரெண்டு மாசம் முன்னாடி போனோம்" என்றார் வைஜெயந்தி. "குவாரி கேட்ல ஹெல்மெட் இல்லாம உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. பாதுகாப்பு விதி, நாம மீற முடியாது. ஹெல்மெட் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கோம். இன்னும் வரல. அதான் இப்படி. இதுவும் நேரடிதானே, கண்ணால பார்க்கிறோம்ல?"

"ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கண்ணால பார்க்கிறாங்க மேடம், அந்த மலையை" என்று பத்மகுமார் இந்தப் பக்கம் சாய்ந்து சேர்த்துக்கொண்டார். "எங்க பதில் மனுவிலேயே சொல்லியிருக்கோம். வெட்டிட்டோம்னு சொல்றவர் ஒருத்தர். முழுசா இருக்குன்னு பார்த்தவங்க லட்சம் பேர்."

ததேயுஸ் இருக்கை வார் இறுக்கமாக இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உங்க ஊர் அந்த மலைக்குப் பக்கமா?" சுயம்பு மெதுவாகக் கேட்டான்.

"அடிவாரம் சார். குருசுத்துறை. முன்னூத்திச் சொச்சம் வீடு. மேக்கக் கூன எடுத்தாச்சு, இப்பம் கெழக்கக் கூனுல கைய வச்சாச்சு. அது எங்க தலைக்கு மேல நிக்குது. வேட்டு வைக்க வைக்க செவுரு பிளக்குது. எங்க வீட்டு வெடிப்புல எங் கை போவும். போன மாசம் பக்கத்து வீட்டு அடுக்களையில ஒரு பாறை வந்து விழுந்துட்டு. நல்ல காலம், சோறு மட்டுந்தான் அடுப்புல இருந்துது, ஆளு இல்ல. அதுலேர்ந்து எம் பொண்டாட்டியும் மவளும் கோயில் மண்டபத்துலதான் படுக்காவ." அவர் சுயம்புவின் பக்கம் திரும்பினார். "முப்பதாந் தேதி லைசென்ஸ் முடியுது. மலை முழுசா இருக்குன்னு இந்த மேடம் எழுதிட்டாவன்னா இன்னும் பத்து வருசத்துக்குக் குடுத்திருவாவ. பொறவு மலையும் கெடயாது, நாங்களும் கெடயாது."

மலையடிவாரத்தில் சுயம்புவுக்குத் தெரிந்து ஒரு தென்னந்தோப்புதான் உண்டு. நல்ல அடர்த்தியான தோப்பு. அங்கே முன்பு நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றின்மேல் தென்னையை நட்டவன் அவனேதான். தார்ப்பாய் எதற்கு என்று அன்றைக்கு அவன் யோசிக்கவில்லை. கூரையில் கல் விழுந்தால் தார்ப்பாய் போடுவார்கள் என்பது அவனுடைய வேலையில் சேராத விஷயம்.

விமானம் மேகத்தைத் துளைத்து இறங்கியது. திரை முழுக்கக் கடல். கரும்பச்சையிலிருந்து நீலமாகி, கரையோரம் பால் நுரையாக மடிந்தது. வளைகுடாவின் வளைவில் வெண்கரை நகரம், வெள்ளை வெள்ளையாக அடுக்கு வீடுகள், முனையில் சவேரியார் கோயிலின் ஒற்றைக் கோபுரம். ஊருக்குப் பின்னால் மலைத்தொடர் மடிப்பு மடிப்பாக எழும்பி, உச்சியில் மேகம் கட்டி நின்றது. அதற்கெல்லாம் முன்னால், வெயிலில் குளித்து எழுந்த அழகோடு, இரட்டைக்கூன் மலை. விமானம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்வரிசைப் பெண்மணி திரைக்கு முதுகைக் காட்டி, மலையைத் தோளுக்கு மேல் வைத்துச் செல்ஃபி எடுத்தார். சுயம்புவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

ததேயுஸ் ஆணையரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை.

"யேசுவே, முழுசா நிக்குதே" என்றார். கண் கலங்கிவிட்டது.

"அவரே சொல்லிட்டாரு மேடம்" என்றார் பத்மகுமார்.

வைஜெயந்தி பேனாவைத் திறந்தார். ததேயுஸ் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். கடல்மேல் போகும்போது கோபுரத்தையும் மலையையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அவர் கண்ணுக்கு. அதை நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. விமானம் கிழக்கே வளைந்தது. அவருடைய நெற்றி சுருங்கியது.

"மேடம், இது தப்பாக்கும். மலை திரும்புது."

"என்னது?"

"நாம கெழக்கப் போறோமில்லா? கோபுரம் நவுந்து போவுது, அது சரி. மலை மட்டும் நம்ம கூடவே திரும்பி மொகத்தக் காட்டிட்டு வருது பாருங்க."

"மலை எப்படிங்க திரும்பும்?"

"அதத்தானே நானும் சொல்லுதேன்!" அவர் இரண்டு முஷ்டிகளையும் அருகருகே நீட்டிக் காட்டினார். "எங்களுக்கு இது கணிச்சம் மேடம். கடல்ல நாம எங்க நிக்கோம்னு கரையப் பாத்துக் கண்டுபிடிக்கிற கணக்கு. கோபுரமும் ரெண்டு கூனுக்கு நடுவுல உள்ள பள்ளமும் ஒரே கோட்டுல வந்தா, கீழ பெரியபாரு கெடக்கு, தண்ணிக்கு அடியில பாறை, அங்க வலை போட்டா மீன் உண்டு. கெழக்கப் போவப் போவப் பள்ளம் மறைஞ்சிரும். ஒரு கூனு இன்னொரு கூனுக்குப் பின்னால போயிரும். கடைசியில ஒத்தக் கூனுதான் தெரியும்." ஒரு முஷ்டியை மற்றதற்குப் பின்னால் கொண்டுபோனார். "இப்பம் நாம நல்ல கெழக்க வந்தாச்சு. இன்னும் ரெண்டாத்தானே தெரியுது? மலைக்கு மொகம் மட்டும் இருந்தா எப்பிடி மேடம்? முதுகு வேண்டாமா?"

சுயம்புவுக்குச் சுருக்கென்றது. சுவரொட்டியில் ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. அதனால் ஒரே முகத்தைச் செய்து, விமானம் எந்தப் பக்கம் போனாலும் அந்த முகமே ஜன்னலைப் பார்க்கும்படி வைத்துவிட்டான். சினிமா தியேட்டர் வாசலில் வைக்கிற கட்-அவுட்டுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி. விருதுக்குழு கவனிக்கவில்லை. லட்சம் பயணிகளும் கவனிக்கவில்லை. ஒரு மீனவருக்கு இரண்டு நிமிஷம் போதுமானதாக இருந்தது.

வைஜெயந்தி எழுதி முடித்துவிட்டு, நடைமுறைப்படி வாசித்துக் காட்டினார். "மனுதாரர் மலையைக் கண்ணால் கண்டு, அது முழுமையாக இருப்பதை ஒப்புக்கொண்டார். மலை திரும்புவதாக மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார். மலை திரும்புவது இம்மனுவின் வரம்புக்குள் வராது. கையெழுத்துப் போடுங்க."

"மேடம், நான் அப்பிடியா சொன்னேன்?"

"முழுசா நிக்குதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

ததேயுஸ் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுயம்புவைப் பார்த்தார். எதையும் எதிர்பார்த்த பார்வை இல்லை அது. பக்கத்தில் இருப்பவர் ஒருவரைப் பார்ப்பது, அவ்வளவுதான். அதைத்தான் சுயம்புவால் தாங்க முடியவில்லை. கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிற அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் அவன் வரைந்த தென்னை மரங்களுக்கு அடியில் படுத்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

ஜன்னலைச் சோதிப்பதற்காகக் கொடுத்திருந்த தொடுதிரைப் பலகை மடியில் இருந்தது. அதில் 'அசல்' என்று ஒரு பொத்தான் உண்டு. பயணிகள் இருக்கும்போது அதைத் தொட்டால் வேலை போய்விடும் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். சுயம்பு தொட்டான்.

விமானத்தின் எல்லாத் திரைகளிலும் இரட்டைக்கூன் மலை அணைந்தது. கீழே, ஊருக்குப் பின்னால், ஒரு பெரிய பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது. படிப்படியாக வெட்டிய சாம்பல் சுவர், அடியில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். அதன் விளிம்பில், பாதி கடித்துவைத்த கொழுக்கட்டை போல மிச்சக் கூன் ஒன்று. அதற்குக் கீழே நீலத் தார்ப்பாய்கள், தோப்பளவுக்கு.

உடனே விமானமே கொந்தளித்தது.

"ஜன்னல் ரிப்பேர்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சண்டை போட்டு ஜன்னலோரம் வாங்கினது இந்தக் கண்றாவியப் பார்க்கவா?" என்றார் இன்னொருவர். செல்ஃபிப் பெண்மணி, தன் படத்தில் பின்னணி பாதியில் மாறிவிட்டதாகப் பணிப்பெண்ணிடம் முறையிட்டார். ஒலிபெருக்கி இனிமையாகப் பேசியது: சிறு தொழில்நுட்பக் கோளாறு, விரைவில் சரிசெய்யப்படும், அதுவரை பயணிகள் தங்கள் கண்ணில் படுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

"பழுதுன்னு பதிவு பண்ணுங்க மேடம்" என்றார் பத்மகுமார். முகம் வெளிறியிருந்தாலும் குரல் உறுதியாகவே இருந்தது.

வைஜெயந்தி சுயம்புவைப் பார்த்தார். "நீங்கதானே நிபுணர். எது பழுது? இப்பத் தெரியறதா, முன்ன தெரிஞ்சதா?"

"இப்பத் தெரியறது காமிரா பார்க்கிறது" என்றான் சுயம்பு. "முன்ன தெரிஞ்சது நான் வரைஞ்சது. மலை, தோப்பு, எல்லாம். அவர் சொன்னது சரி மேடம், அதுக்கு முதுகு கிடையாது. எனக்கு வரையத் தெரியல."

வைஜெயந்தி சொல் மாறாமல் எழுதிக்கொண்டார். அவன் கையெழுத்துப் போட்டான். ததேயுஸ் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். உண்மை சொன்னால் ஜெயித்துவிடலாம் என்று அந்த இரண்டு பேரும் நம்பினார்கள். இந்த வயதிலும் இப்படி நம்பினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தீர்ப்பாயத்தின் உத்தரவு பத்தே நாளில் வந்தது. அந்த வேகத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 'இரட்டைக்கூன் மலை எனப் பயணிகள் கண்டது தமது கற்பனைப் படைப்பே என்று சாளரம் நிறுவனத்தின் நிபுணர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார். ஒப்பனை நீக்கிய காட்சியில் இரட்டைக்கூன் எதுவும் காணப்படவில்லை. ஆகவே அப்பெயரில் ஒரு மலை எக்காலத்திலும் இருந்தமைக்கு ஆதாரமில்லை. இல்லாத மலையை வெட்டியதாகக் கூறும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

ததேயுஸ் போன் செய்தார். சுயம்பு அப்போது வீட்டில் இருந்தான். அவனுக்கு வேலை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"சார், மலையே கெடயாதாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சுயம்புவுக்கு. "எங்க தாத்தா அதப் பாத்துத்தான் வள்ளம் விட்டாரு. அவரு எதப் பாத்தாராம்?"

"நான்தான் கெடுத்துட்டேன்" என்றான் சுயம்பு. அன்றைக்குக் கேடயத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

குவாரி நிறுவனம் இனிப்பு வழங்கியது. பத்மகுமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள், உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு கனிமவள அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே உள்ள பிரிவு எழுத்தர் யாருக்கும் நண்பரல்ல, யாருக்கும் விரோதியுமல்ல. படிவத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கொள்கை. மூன்றாவது கட்டம்: வெட்டப்படும் மலையின் பெயர். அதில் 'இரட்டைக்கூன் மலை' என்று எழுதியிருந்தது. எழுத்தர் தீர்ப்பாயத்தின் உத்தரவை எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல மலையே இல்லைன்னு உத்தரவு இருக்கே சார். இல்லாத மலைக்கு எப்படி உரிமம் போடறது?"

"அது நாங்க வாங்கின உத்தரவுதான்யா" என்றார்கள்.

"ரொம்பச் சந்தோஷம். அப்ப மலை இருக்குன்னும் ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க."

முப்பதாம் தேதி உரிமம் காலாவதியானது. வேட்டுச் சத்தம் நின்றது. குவாரி நிறுவனம் அலறியடித்துக்கொண்டு அதே தீர்ப்பாயத்துக்கு ஓடியது. இரட்டைக்கூன் என்ற மலை ஆதிகாலம் முதல் இருந்தது என்றும், அதன் மேற்குக் கூனைத் தாங்களே முழுமையாக வெட்டி அகற்றினோம் என்றும், கிழக்குக் கூன் அடிவாரத்து வீடுகளை ஒட்டி இன்னும் நிற்கிறது என்றும், வருஷவாரியாக அளவு போட்டு, படம் வைத்து, பத்மகுமார் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். ததேயுஸ் நாலு வருஷம் அலைந்தும் நிரூபிக்க முடியாததை அவர் நாற்பது பக்கத்தில் நிரூபித்தார். முன்பு மலை முழுமையாக இருக்கிறது என்று பதில் மனு போட்டவர் கையெழுத்தும் இதில் உள்ள கையெழுத்தும் ஒன்றுதான்.

தீர்ப்பாயம் குழம்பிவிட்டது. மலை இருந்ததா, இல்லையா, இருந்தால் எவ்வளவு இருந்தது என்பது தீர்மானமாகும் வரை அந்த இடத்தில் ஒரு கல்லையும் யாரும் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டு, வழக்கை ஆறு மாதம் தள்ளிவைத்தது. நேரில் ஆய்வு செய்ய ஹெல்மெட் வர வேண்டும். நம் நாட்டில் இடைக்காலம் என்பது எவ்வளவு காலம் என்று எல்லாருக்கும் தெரியும். அரசாங்கம் காப்பாற்றாத மலையை வாய்தா காப்பாற்றத் தொடங்கியது.

"சார், மவ வீட்டுக்கு வந்துட்டா" என்றார் ததேயுஸ் அடுத்த போனில். "செவுத்தப் பூசியாச்சு. நீங்க ஒரு தடவை வாங்க. மலையப் பாக்காண்டாமா?"

சுயம்பு போனான். ரயிலில்தான். ஒரு காலை நேரம், ததேயுஸின் வள்ளத்தில், கரையிலிருந்து நல்ல தூரம் கிழக்கே வந்த பிறகு, அவர் எஞ்சினைத் தணித்துவிட்டுக் கையை நீட்டினார். மலைத்தொடருக்கு முன்னால், இளவெயிலில், ஒற்றைக் கூனாக மலை நின்றது. எந்தக் குறையும் தெரியவில்லை. சுவரொட்டியைவிட அழகாக இருந்தது. சொரசொரப்பான தோளும், ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்தும், நடுவில் மழைநீர் வழிந்து கறுத்த கோடுமாக. இத்தனை வருஷம் அவன் ஊருக்கெல்லாம் காட்டிய மலையை முதல்முறையாகப் பார்த்தான்.

"முழுசா இருக்கிற மாதிரியே இருக்கே" என்றான்.

"இங்கேர்ந்து அப்பிடித்தான் தெரியும். மத்தக் கூனு இதுக்குப் பின்னால இருக்கும்னு நாமளே நெனச்சுக்கிடணும்" என்றார் ததேயுஸ். "இப்பிடியே பாத்துட்டுக் கரைக்குப் போயிருவோமா? மேக்கக் கொண்டு போனா வெட்டுனது தெரிஞ்சிரும். ஒங்க இஷ்டம்."

சுயம்புவுக்குக் கரைக்குப் போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது.

"மேற்கே போங்க" என்றான்.

வள்ளம் நகர்ந்தது. கோபுரம் இடம் மாறியது. மலை திரும்பவில்லை. அவர்கள் போகப் போக, அது நின்ற இடத்திலேயே நின்று, வெட்டுப்பட்ட பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டத் தொடங்கியது. சாம்பல் சுவர் முதலில் விரலளவு தெரிந்தது, பிறகு கையளவு, பிறகு கண்ணுக்கு அடங்காமல். சுயம்புவின் விரல்கள் மடியில் எதையோ தேடின. அங்கே பலகை இல்லை. அவன் அழுதான், ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.